தோலுக்குள் இருக்கும் முப்புரி

(கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஓர் அறிவியலறிஞரின் வாழ்க்கையை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். யாரைப் பற்றிப் பேசுவது என்று சில நாள் எண்ணிப் பார்த்தேன். அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையை நம் பிள்ளைகள் அறிவார்கள். நமக்கு அருகிலுள்ள பரங்கிமலையில் 1883-ஆம் ஆண்டில் பிறந்து, ஆசிரியராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் நம் மக்களின் கல்விக்குக் குரல்கொடுத்த எம்.சி. ராஜா அவர்களைப் பற்றியும் அவர்கள் கேட்டிருப்பார்கள். அந்த வரிசையில் சேராத ஒருவரைப் பற்றி இன்று பேசத் துணிந்திருக்கின்றேன். அவர் நம் சேரியில் பிறந்தவர் அல்லர். நம் உரிமைக்காக மேடை ஏறியவரும் அல்லர். அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் 1952-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 18 ஆண்டுகள் பேராசிரியராக விளங்கிய ஜி.என். இராமச்சந்திரன். துறையால் இயற்பியலாளர், ஆயினும் அவர் ஆராய்ந்தது உயிர்வேதியியலின் நடுப்பொருளாகிய புரதம். இன்று உலகின் எந்த நாட்டில் உயிர்வேதியியல் பயின்றாலும் அவருடைய பெயரைப் பாடநூலில் காணாமல் அப்படிப்பை முடிக்க இயலாது.

அவரை ஏன் தேர்ந்தேன் என்று கேட்பீர்கள். அவரை முதன்முதலில் உலகறியச் செய்த ஆராய்ச்சி தோலைப் பற்றியது. நம் பாட்டன்மாரும் முப்பாட்டன்மாரும் எதைத் தொட்டதற்காகத் தள்ளி நிற்க வைக்கப்பட்டார்களோ, அந்தத் தோல். அந்த ஆராய்ச்சி நடந்த இடமோ, நாம் கூடியிருக்கும் இந்தத் தாம்பரம் வட்டாரத்திலிருந்து இரயிலில் அரைமணி நேரப் பயணத்தில் அடையத்தக்க கிண்டி. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் நம் சங்கம் அடுத்த 25 ஆண்டுகளில் செய்ய வேண்டுவது என்ன என்பது ஓரளவு புலப்படும் என்பது என் நம்பிக்கை.

முதலில் தோலைப் பற்றிச் சொல்கின்றேன்.

குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், அவ்வூரிலேயே வாழும் பிள்ளைகளுள் பலர் விழிக்கின்றார்கள். குரோமிய உப்பினால் தோலைப் பதனிடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் முயன்று பரப்பியவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி. அதன்பின் 1912-ஆம் ஆண்டில் ஜி.ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை அடுத்து குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அந்தக் கம்பெனியின் பெயர்தான் ஊருக்கும் பெயராயிற்று. இரயில் நிலையப் பலகையிலும் ஏறிற்று. பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டை என்று இந்த வட்டாரத்தில் பதனிடும் ஆலைகள் பெருகின. முதல் போட்டவர்கள் வேறு. வாணிகம் செய்தவர்கள் வேறு. சுண்ணாம்புத் தொட்டியில் கையையும் காலையும் நனைத்தவர்கள் பெரும்பாலும் நம் மக்களே.

அந்த வேலை எத்தகையது என்பதை இன்றைய இளைஞர்கள் அறிய வேண்டும். உப்பிட்டு வந்த பச்சைத்தோலை முதலில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். பிறகு சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிர் கழலச் செய்ய வேண்டும். உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சதையையும் சவ்வையும் கத்தியால் வழித்தெடுக்க வேண்டும். பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் பல நாள் போட்டு வைப்பார்கள். குரோமிய முறையிலோ, பெரிய மர உருளைக்குள் தோலை இட்டு, அமிலமும் உப்பும் ஏற்றி, குரோமிய உப்பைச் சேர்த்து உருட்டுவார்கள். வெளியே வரும்போது தோல் இளநீலமாக இருக்கும்.

என் தந்தையார் அத்தகைய ஆலை ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். நீலத்தோலின் ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, ஒரு தாளின்மேல் வைத்து அதன் உருவத்தைக் கோடிட்டுக்கொள்வார்கள். பின்னர் அத்துண்டைக் கொதிக்கும் நீரில் சிறிது நேரம் இட்டு எடுத்து, மீண்டும் அதே கோட்டின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். துண்டு சுருங்காதிருந்தால் தோல் பதமாயிற்று. சுருங்கியிருந்தால் உருளை இன்னும் சுற்ற வேண்டும். தந்தையார் துண்டை விரலால் தடவிப் பார்த்தே பெரும்பாலும் முடிவு சொல்லிவிடுவார் என்று உடன் வேலை செய்தவர்கள் கூறக் கேட்டிருக்கின்றேன். அவருக்கு எழுத்தறிவு குறைவு. நான் பள்ளிக்குச் சென்ற காலத்தில், பக்கத்தில் அமர்ந்த பிள்ளைகள் என் சட்டையின் வாடையைச் சொல்லி மூக்கைப் பொத்திக்கொண்டதும் உண்டு. பிற்காலத்தில் வேதியியல் ஆசிரியனான பிறகுதான், கொதிநீரில் இட்ட அந்தத் தோல் துண்டு ஒரு புரதத்தின் உறுதியை அளக்கும் முறையான பரிசோதனை என்பதை நான் விளங்கிக்கொண்டேன். பச்சைத்தோல் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை வெப்பத்திலேயே சுருண்டுவிடும். குரோமியம் ஏறிய தோல் 100 பாகையையும் தாங்கும். இந்த வேறுபாடு ஏன் ஏற்படுகின்றது என்று கேட்டால், தோலின் உள்ளமைப்பைச் சொல்லியாக வேண்டும். அந்த உள்ளமைப்பைக் கண்டு சொன்னவரே இராமச்சந்திரன்.

இனி அவருடைய வரலாற்றுக்கு வருகின்றேன்.

இராமச்சந்திரன் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர், அந்நகரின் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்து பின்னர் முதல்வராகவும் ஆனவர். மகன் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942-ஆம் ஆண்டில் சிறப்புப் பட்டம் பெற்றார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் துறையில்தான் முதலில் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறைத் தலைவராக இருந்த சர் சி.வி. இராமன் இந்த இளைஞரின் திறமையைக் கண்டு தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. அவ்வாண்டே இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இரண்டாண்டு பணியாற்றி இன்னொரு முனைவர் பட்டமும் பெற்றுத் திரும்பினார்.

அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தவர் அவர். கிண்டியில் இயற்பியல் துறை தொடங்க முனைந்தபோது அவர் முதலில் நாடியது இராமனை. இராமன் தமக்கு மாற்றாக இராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். இவ்வாறு 1952-ஆம் ஆண்டில், முப்பது வயது நிரம்பும் தறுவாயில், அவர் ஒரு துறையின் தலைவராகச் சென்னைக்கு வந்தார்.

வந்தவருக்கு எதை ஆராய்வது என்னும் கேள்வி எழுந்தது. படிகங்களை எக்ஸ்-கதிரால் ஆராயும் பயிற்சி அவருக்கு நிறைய இருந்தது. அவ்வாண்டில் ஜே.டி. பெர்னல் என்னும் புகழ்பெற்ற ஆங்கில அறிஞர் சென்னைக்கு வந்தார். அவருடன் உரையாடியபோது, கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை இன்னும் எவரும் சரியாகக் கண்டு சொல்லவில்லை என்பது இராமச்சந்திரனின் கருத்தில் பதிந்தது. அமெரிக்காவின் மாபெரும் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டாளியும் 1951-இல் ஓர் அமைப்பைச் சொல்லியிருந்தார்கள், அது பொருந்தவில்லை.

கொலாஜன் என்றால் என்ன? தோல், தசைநார், எலும்பு, குருத்தெலும்பு ஆகியவற்றுக்கு வலுவைத் தரும் புரதம் அது. நம் உடலிலுள்ள புரதம் முழுவதையும் சேர்த்தால் அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கொலாஜனே. கிரேக்க மொழியில் பசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. தோல் துணுக்குகளைக் காய்ச்சி நம் தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்திய வச்சிரம் இருக்கின்றதே, அது கொதித்துப் பிரிந்த கொலாஜன்தான்.

கிண்டியில் அவருக்கு ஒரு நல்வாய்ப்பு காத்திருந்தது. பல்கலைக்கழக வளாகத்தின் அருகிலேயே 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஆராய்ச்சிக்குரிய பொருளை அங்கிருந்து பெற முடிந்தது. அந்நிலையத்தின் பெருமைக்குரிய தலைவரான ஒய். நாயுடம்மா, தெனாலிக்கு அருகே ஓர் உழவர் குடும்பத்தில் 1922 செப்டம்பரில் பிறந்தவர். இராமச்சந்திரனுக்கு ஒரு மாதமே மூத்தவர். 1958-இல் இயக்குநராகி, தோல் தொழிலை அறிவியல் வழியில் நடத்தப் பாடுபட்டவர் அவர். 1985-ஆம் ஆண்டு ஜூன் 23-இல் வெடிகுண்டால் தகர்க்கப்பட்ட ஏர் இந்தியா விமானத்தில் உயிரிழந்தார். ஒரு பக்கம் தோலைப் பதனிடும் அறிவியல், மறுபக்கம் தோலின் அணுக்களை எண்ணும் அறிவியல். இவ்விரண்டும் ஒரே சாலையில் அருகருகே வளர்ந்தன.

இராமச்சந்திரனும் அவருடைய துணை ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநார் முதலியவற்றின்மேல் எக்ஸ்-கதிரைச் செலுத்திப் படமெடுத்தார்கள். கொலாஜனை வேதியியல் முறையில் பகுத்தபோது ஒரு செய்தி தெரியவந்திருந்தது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகள்போல் கோத்த இழை. கொலாஜனில் மூன்று மணிக்கு ஒரு மணி கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமாக இருந்தது. ஏன் மூன்றில் ஒன்று? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் விடையைத் தேடினார். மூன்று இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கின்றன. நடுவில் இடம் மிகக் குறைவு. அந்தக் குறுகிய இடத்தில் பொருந்தக்கூடியது மிகச் சிறியதாகிய கிளைசின் ஒன்றே. ஆகவேதான் ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடம்தோறும் அது வருகின்றது. 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் இக்கட்டுரை வெளியாயிற்று. மறு ஆண்டு அதைத் திருத்தி, மூன்று இழைகளும் ஒரு கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கிடக்கின்றன என்று காட்டினார்.

கயிறு திரிப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தனித்தனிப் புரியை ஒரு பக்கமாக முறுக்குவார்கள். புரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். அப்போதுதான் கயிறு அவிழாது. கொலாஜனிலும் ஒவ்வோர் இழையும் இடப்பக்கம் சுருள, மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் சுருள்கின்றன. உலகம் இதைச் 'சென்னை முச்சுருள்' என்று போற்றிற்று.

இப்போது தந்தையாரின் கொதிநீர்ச் சோதனைக்கு விடை கிடைத்துவிட்டது. வெப்பம் ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்கின்றது, தோல் சுருண்டுவிடுகின்றது. குரோமிய அணுக்கள் இழைகளின் பக்கங்களிலுள்ள அமிலத் தொகுதிகளோடு பிணைந்து இழைகளை இறுகக் கட்டிவிடுகின்றன. ஆகவே கொதிநீரிலும் முறுக்கு அவிழ்வதில்லை. ஆவாரம்பட்டையும் வேறொரு வகையில் இழைகளைப் பிணைக்கின்றது. ஆனால் அந்தக் கட்டு குரோமியத்தின் அளவுக்கு வெப்பம் தாங்காது. பறையைத் தீயில் காட்டிக் காய்ச்சும்போது ஈரம் வெளியேறித் தோல் இறுகுவதும், அளவு மிஞ்சினால் தோல் கெட்டுவிடும் என்று பறையடிப்பவர் அறிந்து வைத்திருப்பதும் இதே பொருளின் குணமே. இன்னொன்றும் தாய்மார்கள் கேட்க வேண்டும். இந்த முறுக்கு உறுதியாக நிற்பதற்கு நம் உடலில் வைட்டமின் 'சி' வேண்டும். அது இல்லாவிட்டால் இழைகள் உடற்சூட்டைக்கூடத் தாங்கா. ஈறு கசியும், புண் ஆறாது. நெல்லிக்காயும் கொய்யாவும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று சொல்வதன் பின்னால் இருப்பதும் இந்த முச்சுருள்தான்.

அன்பர்களே! மூன்று புரியாக முறுக்கிய நூலை நம் மொழியில் முப்புரி என்பர். முப்புரி நூல் மார்பில் கிடப்பது பிறப்பின் உயர்வுக்கு அடையாளம் என்று இந்நாட்டில் நெடுங்காலம் சொல்லப்பட்டது. இயற்கையோ அந்த நூல் படியும் தோலுக்குள்ளும், அதைக் கண்டு ஒதுங்கி நின்றவனுடைய தோலுக்குள்ளும், நாகல்கேணியின் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய எருமைத் தோலுக்குள்ளும் ஒரே முப்புரியை வைத்திருக்கின்றது. எக்ஸ்-கதிரில் எடுத்த படத்திலே சாதி தெரியாது. அதைக் கண்டு சொன்னவர் ஓர் ஐயர் வீட்டுப் பிள்ளை என்பதையும் நான் மகிழ்ச்சியோடே சொல்கின்றேன். உண்மையைக் கண்டவர் யாராயினும் அது நமக்கும் உரியது.

இதற்குப் பின் நடந்ததும் நம் மாணவர்களுக்கு ஒரு பாடம். 1955-ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜிலிருந்து பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் ஆகிய இருவரும் ஒரு மறுப்பை எழுப்பினார்கள். மூன்று இழைகள் முறுக்கிக் கிடப்பதை அவர்கள் ஏற்றார்கள்; ஆனால் இராமச்சந்திரனின் அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றும், மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று அவர் சொன்னது பொருந்தாது, ஒன்றே பொருந்தும் என்றும் வாதிட்டார்கள். கிரிக் என்பவர் அதற்கு ஈராண்டு முன் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைக் கண்டவர். அத்தகையவர் மறுத்தபோது, கிண்டியிலிருந்த பேராசிரியர் என்ன செய்தார்? மனம் உடைந்து ஒதுங்கிவிடவில்லை, ஏசிக்கொண்டும் திரியவில்லை. அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்பதை உண்மையான படிக அளவுகளிலிருந்து திரட்டிப் பார்ப்போம் என்று புறப்பட்டார்.

அந்தத் தேடலில்தான் அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு பிறந்தது. புரத இழையின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்ப முடியும். அந்த இரண்டு திருப்பங்களின் கோணங்களை நெடுக்கும் குறுக்குமாக வைத்து ஒரு படம் வரைந்தால், எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதாமல் நிற்கும், எவற்றில் மோதும் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மாணவர்களுடன் அவர் இக்கணக்கைச் செய்தார். மேசைமேல் வைத்துத் தட்டும் கணக்கிடு கருவியைக் கொண்டு ஆயிரக்கணக்கான தூரங்களைக் கணக்கிட வேண்டியிருந்தது. 1963-இல் வெளியான அப்படத்துக்கு 'இராமச்சந்திரன் வரைபடம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்று உலகில் எவர் ஒரு புரதத்தின் வடிவைக் கண்டறிந்தாலும், அது சரியா என்று அந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கின்றார்கள். புரத வடிவைக் கணிப்பொறியால் முன்கூட்டிச் சொல்லும் முறைக்கு 2024-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கணிப்பொறி சொல்லும் வடிவங்களும் கிண்டியில் வரைந்த படத்துக்குக் கட்டுப்பட்டே நிற்க வேண்டும்.

பழைய வாதம் என்னாயிற்று என்றும் சொல்லிவிட வேண்டும். 1994-இல் முச்சுருளின் அமைப்பை மிக நுட்பமாகக் கண்டபோது, மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒரு நேரடிப் பிணைப்பே இருந்தது. அத்துடன் நீர் மூலக்கூறுகள் இடையில் நின்று இழைகளைப் பிணைப்பதும் தெரிந்தது. மறுத்தவர் பக்கமும் நியாயம் இருந்தது. முச்சுருள் என்னும் அடிப்படை சென்னையிலிருந்து சென்றதும் உண்மை. அறிவியலில் வெற்றியும் திருத்தமும் ஒன்றாகவே நடக்கும். மறுப்பு வந்தால் அவமானம் என்று எண்ணாதீர்கள், பிள்ளைகளே! மறுப்பை வேலையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

எஞ்சியதைச் சுருங்கச் சொல்கின்றேன். 1961-இல் பட்நாகர் பரிசு பெற்றார். 1970-களின் தொடக்கத்தில் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்று, அங்கே மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவை நிறுவினார். உடலின் உறுப்புகளைப் பல கோணத்தில் எக்ஸ்-கதிரால் படமெடுத்து முழு உருவத்தைக் கட்டியமைக்கும் கணித முறை ஒன்றை 1971-இல் ஏ.வி. இலட்சுமிநாராயணனுடன் வெளியிட்டார், மருத்துவமனையில் இன்று 'ஸ்கேன்' எடுக்கும் துறைக்கு அது பெரிதும் பயன்பட்டது. 1977-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1999-இல் படிகவியலுக்கான எவால்டு பரிசு வந்தது. நோபல் பரிசு வரவில்லை. முதுமையில் பார்க்கின்சன் நோயால் துன்புற்று, 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

இந்த வாழ்க்கையை எதற்காக இங்கே விரித்தேன்? அவர் ஏறிய படிகளை எண்ணிப் பாருங்கள். வீட்டிலேயே கணிதம் சொல்லித்தரத் தந்தை. இடையில் நின்றுவிடாத கல்வி: இருபதாம் வயதில் பட்டம், இருபத்தைந்தில் டி.எஸ்ஸி., முப்பதில் பேராசிரியர் பதவி. திறமையைக் கண்டு கதவைத் திறந்துவிட்ட ஓர் ஆசிரியர். ஆய்வுக்கூடம் அமைத்துத் தந்த ஒரு துணைவேந்தர். விடை காணாத கேள்வியை நேரில் கேட்கும் வாய்ப்பு. அவருடைய மேதைமையை நான் ஒரு சிறிதும் குறைக்கவில்லை. ஆனால் மேதைமைக்கும் ஏணி வேண்டும். நம் தெருக்களிலும் விரல் நுனியால் தோலின் பதத்தைச் சொல்லும் கூர்மை இருந்தது. அந்தக் கூர்மைக்கு முதல் படியே கட்டப்படவில்லை. குரோம்பேட்டைக்கும் கிண்டிக்கும் இடையே இரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆலையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குச் செல்ல வழி இல்லாதிருந்தது.

"தோலைத் தொட்டது போதும், நம் பிள்ளைகளை மீண்டும் தோலுக்கா அழைக்கின்றீர்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. செத்த மாட்டை இழுக்கும் வேலையை விட்டொழியுங்கள் என்று 1927-ஆம் ஆண்டில் மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் கட்டளையிட்டார். பிறப்பின் பேரால் சுமத்தப்பட்ட தொழிலை உதறுவது நம் உரிமை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் தொழிலை உதறும்போது அதிலிருந்த அறிவையும் சேர்த்துப் பிறருக்கு விட்டுவிட வேண்டுமா? இந்த வட்டாரத்தின் கிணறுகளில் ஆலைக்கழிவு இறங்கியபோது முதலில் குடிநீரை இழந்தவர்கள் யார்? தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் நீரையும் நிலத்தையும் கெடுப்பதைக் குறித்து உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டில் கடுமையான தீர்ப்பு வழங்கியது. அதில் நம் செங்கற்பட்டுப் பகுதியும் அடங்கும். அந்த நீரை எடுத்துச் சோதித்து, இவ்வளவு குரோமியம் உள்ளது என்று கையெழுத்திட்டுச் சொல்லத்தக்க வேதியியலாளர்கள் நம் தெருவிலேயே பலர் இருந்திருந்தால், நம் குரல் எவ்வளவு முன்னதாகக் கேட்கப்பட்டிருக்கும்!

ஆகவே சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன்.

முதலாவது, வெள்ளிவிழா நிதியைப் பற்றியது. மண்டபம் கட்டலாம் என்னும் எண்ணம் சிலரிடம் இருப்பதை அறிவேன். மண்டபமும் வேண்டியதே. ஆயினும் நிதியில் ஒரு பகுதியையேனும் பட்டப்படிப்புக்கு மேல் அறிவியல் பயிலும் பிள்ளைகளுக்கென ஒதுக்க வேண்டும். இந்த 25 ஆண்டுகளில் நம் கவனமெல்லாம் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இருந்தது, அது தவறன்று. ஆனால் பி.எஸ்ஸி. முடித்தவுடன், வீட்டில் சம்பளம் வேண்டும் என்பதற்காக நம் பிள்ளை கிடைத்த வேலையில் அமர்ந்துவிடுகின்றான். முனைவர் பட்டம் பயிலும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கென்று 2005-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் தேசிய உதவித்தொகை உண்டு. அந்த வாசல்வரை சென்று சேரவும், பணம் கைக்கு வரும்வரை வாடகையும் சோறும் குறையாமல் இருக்கவும் துணை வேண்டும். அந்த இடைவெளியை அடைப்பது அரசாணையால் ஆகாது, சங்கத்தால் ஆகும்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் மாணவ மாணவியரைக் கிண்டிக்கும் அடையாற்றுக்கும் அழைத்துச் சென்று, ஆய்வுக்கூடங்களின் உள்ளே நிற்க வைத்துக் காட்டுங்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். உள்ளே கால் வைத்த பிள்ளைக்கு அந்தக் கட்டடத்தைக் கண்டு அச்சம் இராது.

மூன்றாவது, தோல் ஆலைகளில் பணியாற்றிய பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றார்கள். சுண்ணாம்பின் அளவு, பட்டையின் வகை, தோலின் குற்றங்களைக் கண்டறியும் முறை, அவற்றுக்கு அவர்கள் வழங்கிய பெயர்கள் ஆகியவற்றை மாணவர்கள் அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். அந்த ஏடு நம் சங்க நூலகத்தில் இருக்கட்டும். நம் முன்னோர் உடலுழைப்பை மட்டும் தந்தவர்கள் என்று பிற்காலத்தில் எவரும் எழுதிவிடக் கூடாது.

மாணவச் செல்வங்களே! இராமச்சந்திரன் கேட்ட கேள்வி மிகச் சிறியது: மூன்று மணிக்கு ஒரு மணி ஏன் கிளைசினாக இருக்கின்றது? உங்கள் பாடநூலிலும், உங்கள் வீட்டு அடுப்படியிலும், உங்கள் தெருக் கிணற்றிலும் அத்தகைய சிறிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. கேட்பதற்கு நீங்கள் எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. விடை காணும்வரை உங்களைத் தாங்குவது எங்கள் கடமை. அந்தக் கடமையை இச்சங்கம் குறைவறச் செய்யும் என்பது உறுதி.